நௌதபா நாட்கள்

மே மாதக் கடைசியில் டிவிக்காரர்கள் "பலோதியில் 50 டிகிரி" என்று அலறும்போதெல்லாம், ஏதோ என் மாமனார் ஊரைச் சொல்வது போல நிமிர்ந்து உட்காருவேன். ராஜஸ்தானில், ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேர் போகிற வழியில் இருக்கிற அந்த மணல் ஊருக்கு, எண்பதுகளில், மீட்டர் கேஜ் ரயிலில், வங்கி உத்தியோகமும் பாலியெஸ்டர் சட்டைகளும் 'நாங்க பாக்காத கத்திரியா' என்கிற மதுரை மிதப்புமாகப் போய் இறங்கியவன் நான். இங்கே வேர்ப்பதே இல்லை என்று பெருமையாக வீட்டுக்குக் கடிதம் எழுதினேன். வேர்வை வந்த வேகத்தில் காய்ந்து, சட்டை முதுகில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு போட்டிருந்ததை வீட்டுக்கார அம்மாள்தான் காட்டிச் சிரித்தார்.

நமக்குக் கத்திரி மாதிரி அவர்களுக்கு நௌதபா. சூரியன் ரோகிணியில் நுழைகிற மே 25 வாக்கில் தொடங்கி ஒன்பது நாள். அது நன்றாகக் காய்ந்தால்தான் மழை நன்றாகப் பெய்யும் என்ற நம்பிக்கையில், வெயிலை யாரும் வாய்விட்டுத் திட்டுவதில்லை. பையில் வெங்காயம் இருந்தால் 'லூ' காற்று அண்டாது என்பார்கள். எங்கள் கேஷ் கவுண்டரில் ரூபாய் நோட்டு வாசனையை வெங்காய வாசனை அமுக்கிவிடும். ஜன்னலில் கட்டிய வெட்டிவேர்த் தட்டியில் ஒரு பையன் வாளித் தண்ணீரை மொண்டு வீசுவான். அதற்குப் பிறகு வருகிற முதல் காற்று இருக்கிறதே, அதற்காகவே அடுத்த மாற்றலை வேண்டாமென்று எழுதிக் கொடுக்கலாம் போலிருக்கும். கொஞ்சம் வசதிப்பட்டவர்கள் வீட்டில் கூலர். காற்றில் ஈரமே இல்லாத ஊராதலால் அந்தத் தகரப் பெட்டி நிஜமாகவே குளிர்ந்தது. அதை நம்பிச் சென்னைக்கு ஒன்றை லாரியில் ஏற்றிய சக ஊழியர் வீட்டில் புழுக்கம்தான் கூடியது.

காலையில் ராப் கொடுப்பார்கள், கம்பு மாவை மோரில் கரைத்துப் புளிக்கவைத்துக் காய்ச்சியது. ஊரில் இருந்தவரை ஏழைச் சாப்பாடு என்று மூக்கைச் சுளித்த கம்மங்கூழைத்தான், நாட்டின் மறுகோடிக்குப் போய், கேட்டுக் கேட்டு வாங்கிக் குடித்திருக்கிறேன். இப்போது என் பேத்தி அதையே 'மில்லட் பௌல்' என்று வரவழைத்துச் சாப்பிடுகிறாள். 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்தாலும் அறிவித்தது, கூழுக்கு வந்த வாழ்வு!

ராத்திரியானால் ஊரே மொட்டைமாடியில் இருக்கும். கயிற்றுக் கட்டில்களை வரிசையாகப் போட்டு, இந்த மாடியிலிருந்து அந்த மாடிக்குக் கல்யாணப் பேச்சும் கடன் பாக்கியும் மழைப் பந்தயமும் போய்வரும். பலோதியில் எதற்கும் பந்தயம் உண்டு. மேகம் வருமா, வந்தால் சாக்கடை நிரம்புமா என்பதற்குக்கூட ரேட் போட்டுப் பணம் கட்டுவார்கள். ஊர் ரகசியங்களெல்லாம் மாடி வழியாகத்தான் எனக்குத் தெரிந்தது. என் அரைகுறை ஹிந்தி ஊருக்குத் தெரிந்ததும் அதே வழியில்தான்.

2016 மே 19 அன்று அங்கே 51 டிகிரி அடித்து, 1956இல் ஆல்வார் போட்டிருந்த 50.6 என்கிற சாதனையை முறித்தது. பயந்து ஓடி ஒளிந்த அந்த வெயிலையே இன்று பக்கத்திலுள்ள பட்லாவில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் தகடு விரித்துப் பிடித்து, 2,245 மெகாவாட் மின்சாரமாக்கி அனுப்புகிறார்கள். எங்கள் தெருவிலும் வீட்டுக்கு வீடு ஏசி வந்துவிட்டது. அது அறைக்குள்ளிருக்கிற சூட்டை அள்ளித் தெருவில் கொட்ட, மேலே படுக்க ஆளில்லாமல் மாடியில் தண்ணீர்த் தொட்டிகள் மட்டும் நிற்கின்றன.

2024இல் மறுபடி 50 தொட்டபோது வீட்டுக்காரர் மகனுக்கு போன் போட்டேன். "பதினெட்டில் வைத்திருக்கிறேன் பாபுஜி, கம்பளி போர்த்தியிருக்கிறேன்" என்றார். கூடவே, எல்லைப் படை வீரர் ஒருவர் சுடுமணலில் அப்பளம் சுடுகிற வீடியோவை அனுப்பிவைத்தார், வெயிலை நான் மறந்திருப்பேன் என்று நினைத்தோ என்னவோ. மழைக்கு என்ன ரேட் என்று கேட்டேன்.

"தேர்தல் நேரத்தில் மழையை யார் கேட்கிறார்கள் பாபுஜி? உங்கள் தமிழ்நாட்டுக்கும் ரேட் இருக்கிறது, சொல்லட்டுமா?"