கிளி வாங்க வந்தவர்

கிளி வாங்க வந்தவரை அடையாளம் காண்பது கடினமல்ல. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய மிக்ஸி, கால் உடைந்த கட்டில், பூந்தொட்டி எல்லாவற்றையும் கடந்து நேராகக் கூண்டு வரிசைக்கு வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பவர் அவர். வயது பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியிருக்கும். பணி ஓய்வு பெற்றிருப்பார், அல்லது பிள்ளைகள் வெளிநாடு போயிருப்பார்கள், அல்லது இரண்டும். நாய் என்றால் விடியற்காலையில் எழ வேண்டும், பூனை மதிக்காது, மீன் பதில் சொல்லாது என்று ஒவ்வொன்றாகக் கழித்துக் கிளிக்கு வந்தவர். அதிலும் லவ் பேர்ட்ஸ் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு. பஞ்சவர்ணக் கிளியின் விலை ஸ்கூட்டரில் தொடங்கும். மிஞ்சியது ஓர் அடி நீளத்துக்குள் அடங்கும் நடுத்தரக் கிளி. வாழ்நாளெல்லாம் நடுத்தர வர்க்கமாக இருந்தவருக்கு அதில் ஒரு கொள்கைப் பிடிப்பும் உண்டு.

அவர் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: "பேசுமா?"

"சூப்பரா பேசும் சார்" என்பார் கடைக்காரர். எந்தக் கூண்டைக் காட்டினாலும் அதே பதில்தான். கத்துமா, கடிக்குமா, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் கூண்டுக்கு வெளியே விட வேண்டும் என்று அவர் கேட்பதில்லை. கேட்காததற்குக் கடைக்காரரும் பதில் சொல்வதில்லை. காட்டில் கிளிக்கூட்டம் விடிகாலையும் அந்தியும் உரக்கக் கூவித்தான் ஒன்றையொன்று தேடிக்கொள்ளும். அடுக்குமாடி வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகாது. அங்கே அதன் கூட்டம் என்பது குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட வீட்டுக்காரர்தான்.

முதல் சிக்கல் சட்டத்தில் வரும். அவர் மனத்தில் இருப்பது பாட்டி வீட்டுத் தாழ்வாரத்தில் மிளகாய்ப்பழம் கொறித்த பச்சைக்கிளி. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் குற்றம். கிளி ஜோசியக்காரரின் கூண்டுக்கும் விலக்கு இல்லை. "மீனாட்சி கையிலேயே இருக்கே?" என்று அவர் வாதாடிப் பார்ப்பார். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கையிலும் உண்டுதான்; ஆனால் அந்தக் கிளி இலைகளால் அன்றாடம் புதிதாகச் செய்யப்படுவது. கத்தாது, கடிக்காது, எச்சமிடாது. உண்மையில் அவர் தேடி வந்தது அந்த இனத்தைத்தான். அது சந்தையில் கிடைப்பதில்லை.

ஆகவே வெளிநாட்டுக் கிளி. அருகிவரும் உயிரினங்களுக்கான பன்னாட்டு வணிக ஒப்பந்தப் (சைட்ஸ்) பட்டியலில் உள்ள கிளிகளை வைத்திருப்பவர்கள் 2024-இல் வந்த விதிகளின்படி பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். குஞ்சு பொரித்தாலும், கை மாறினாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். மற்றவர்கள் முகம் சுளிக்கும் இந்தக் கட்டத்தில்தான் நம்மவர் மலர்வார். முப்பது வருடம் படிவங்களோடு குடித்தனம் நடத்தியவர் அல்லவா? பறவை வாங்கும் முன்பே அதற்கு ஒரு கோப்பு திறந்துவிடுவார்.

பிறகு பெண் பார்க்கும் படலம். முதலில் சன் கன்யூர். தென் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியைச் சேர்ந்தது. மஞ்சளும் ஆரஞ்சுமாக அழகில் குறை சொல்ல முடியாது. குரல்தான் குறை. தெருக்கோடியில் வரும்போதே வீட்டில் கிளி இருப்பது தெரிந்துவிடும்; குடியிருப்போர் சங்கத்துக்கும் தெரிந்துவிடும். அதன் உறவான பச்சைக்கன்னக் கன்யூர் அளவில் சிறியது, சத்தமும் மட்டு, விளையாட்டுப் புத்தி. பேச்சு மட்டும் சொற்பம் என்பதால் நம்மவர் அதை உதறிவிடுவார். தரைத்தளத்தில் அண்டை வீட்டோடு சுவரைப் பகிர்ந்து வாழ்பவருக்கு அதைவிடப் பொருத்தமான கிளி அரிது என்பதை யாரும் அவரிடம் சொல்வதில்லை.

குவேக்கர் உண்மையிலேயே பேசும். ஆனால் கிளிகளில் சுள்ளி பொறுக்கிக் கூடு கட்டும் அரிய இனம் அது. பிறந்த நாட்டில் மரத்திலும் மின்கம்பத்திலும் பல குடும்பங்கள் சேர்ந்து அடுக்குமாடி எழுப்பும். வீட்டுக்கு வந்தால் துடைப்பக் குச்சி, பேனா மூடி, மின்சாரக் கட்டண ரசீது என்று அகப்பட்டதையெல்லாம் கூண்டுக் கம்பியில் செருகும். கட்டிய இடத்தில் கை வைத்தால் கடிக்கும். வீடு கட்டி அனுபவப்பட்டவர்கள் இதைக் குற்றமாகச் சொல்ல மாட்டார்கள்.

ஆப்பிரிக்காவின் செனகல் கிளி அமைதியானது, ஆனால் பெரும்பாலும் வீட்டில் ஒருவரை மட்டுமே தனதாக்கிக்கொள்ளும். மற்றவர்களிடம் முறைப்புதான். பயோனஸ் அடக்கமானது, பயந்தால் சளி பிடித்தவர் போல மூக்கை உறிஞ்சும், ஆஸ்துமா என்று நினைத்து ஓட வேண்டியதில்லை. கைக் நடக்காது, தத்தும்; மல்லாந்து படுத்து விளையாடும்; உற்சாகம் மிஞ்சினால் கவ்வும். கடைசி இரண்டும் சந்தையில் எளிதில் கிடைப்பதில்லை, விலையும் மிரட்டும்.

நம்மவர் எதிரில் நின்று பறவையின் குணத்தை ஆராயும்போது, பறவை அவரை ஆராய்கிறது என்பது பலருக்குத் தெரியாது. கண்மணி சட்டென்று சுருங்கி விரிந்தால் அது பரவசமாகவும் இருக்கலாம், கடிக்கப்போகும் அறிகுறியாகவும் இருக்கலாம். எது என்று விரலை நீட்டிய பிறகு தெரியும்.

இங்கே கடைக்காரர் ஒரு யோசனை சொல்வார்: "குஞ்சா எடுத்து நீங்களே ஊட்டுங்க சார், அப்பத்தான் பாசமா இருக்கும்." இதை நம்பக் கூடாது. ஊட்டும் கஞ்சியில் சூடு கூடினால் குஞ்சின் கழுத்துப் பை வெந்துவிடும், ஆறிப்போனால் செரிக்காது. தானாகத் தின்னப் பழகி, மனிதர் கைக்கும் பழகிய பறவைதான் புதியவருக்கு ஏற்றது.

கூண்டு வாங்கும்போது சிக்கனம் தலைகாட்டும். மலிவுக் கம்பிக் கூண்டில் துத்தநாகப் பூச்சு இருக்கும். கிளி அதைக் கொறித்தால் நஞ்சு. சூரியகாந்தி விதையை மட்டும் போட்டு வளர்த்தால் கொழுப்பேறி ஈரல் கெடும். காய், கீரை, முளைகட்டிய பயறு, பெல்லட் எல்லாம் வேண்டும். அவகாடோவும் சாக்லேட்டும் ஆகவே ஆகாது. மிளகாயின் காரம் பறவைக்கு உறைக்காது. பாட்டி அந்த ஒன்றில் சரியாகத்தான் இருந்தார். எல்லாவற்றையும்விட ஆபத்தானது சமையலறை. நான்-ஸ்டிக் தோசைக்கல் வெறுமையாக அதிகம் சூடேறினால் எழும் புகை, மனிதருக்குத் தெரியும் முன்பே பறவையைக் கொன்றுவிடும். இதைக் கேட்டதும் வீட்டம்மா இரும்புத் தோசைக்கல்லைப் பரணிலிருந்து இறக்கச் சொல்வார். கிளி வருவதை முதலிலிருந்தே எதிர்த்தவர் அவர்தான்.

கூண்டின் தட்டைக் கழுவுவது, தண்ணீர் மாற்றுவது, வாராவாரம் கிராம் தராசில் எடை பார்ப்பது ஆகிய வேலைகள் இரண்டாம் மாதம் வீட்டம்மாவிடமே வந்து சேரும். நோயைக் கடைசி வரை மறைப்பது பறவையின் இயல்பு, எடை குறைவதுதான் முதல் தடயம் என்பதால், இதில் வீட்டுக்காரரின் மறதிக்கு இடம் கொடுக்க முடியாது. கிளிக்கு இரவில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் அமைதியான தூக்கம் வேண்டும். ஆகவே தொலைக்காட்சித் தொடர் ஏழு மணிக்கு மேல் உள்ளறைக்கு மாறும். தன் தோளில் ஏறும் என்று விலை கொடுத்து வாங்கியவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிளி எதிர்க்கட்சித் தோளில் ஏறி உட்காரும். அவர் அழைத்தால் கொட்டாவி விடும்.

ஆயுள் கணக்கை எல்லோரும் கடைசியில்தான் போடுகிறார்கள். பச்சைக்கன்னக் கன்யூர் நல்ல பராமரிப்பில் இருபது ஆண்டுக்கு மேல் வாழும். செனகல் இருபத்தைந்து முப்பதைத் தொடும். வாங்குபவருக்கு வயது 58. வெளிநாட்டுப் பையனிடம் வீடியோ அழைப்பில் பேச்சை எடுத்தால், "அப்போ பார்த்துக்கலாம்பா" என்பான். கோப்பில் பதிவுச் சான்றுக்கு அடுத்துச் செருக வேண்டிய காகிதம் அடுத்த உரிமையாளரின் சம்மதக் கடிதம். அதில் எழுத ஒரு பெயரும் கிடைக்காதவர்கள் கடைசி நேரத்தில் நடுத்தரக் கிளியை விட்டுக் காக்கட்டீல் பக்கம் திரும்புவதுண்டு. அதற்கு ஆயுள் பதினைந்து இருபது ஆண்டுதான். பரிவேஷ் பதிவும் தேவையில்லை என்பதில் அவருக்குச் சற்று வருத்தம்.