ஸ்டியரிங் தொடாத சாரதி

அமெரிக்க நகைச்சுவைப் படங்களில் இரண்டு நண்பர்கள் காரில் கிளம்பினால், ஓட்டுகிறவனுக்குப் பக்கத்து சீட்டில் ஒருவன் சாய்ந்துகொண்டு உட்கார்ந்திருப்பான். கார் அவனுடையதல்ல. பெட்ரோல் காசும் அவனுடையதல்ல. எங்கே போவது, எந்த முக்கில் திரும்புவது, வழியில் யாரை ஏற்றிக்கொள்வது, யாரிடம் அடி வாங்குவது ஆகிய நான்கு இலாகாக்கள் மட்டும் அவன் பொறுப்பில் இருக்கும். குருக்ஷேத்திரத்தில் தேர் ஓட்டியவரே உபதேசமும் செய்தார். இவன் உபதேசத்தோடு நிறுத்திக்கொள்வான். தேரை அர்ஜுனன்தான் ஓட்ட வேண்டும், சுங்கச்சாவடியில் சில்லறையும் அவன்தான் தேட வேண்டும்.

இந்த ஜாதியின் உத்தம மாதிரி குமார் படேல். 2004இல் வந்த 'ஹாரல்டு அண்ட் குமார் கோ டு வொயிட் காசில்' படத்தின் நாயகர்களில் ஒருவன். அப்பா டாக்டர், அண்ணன் டாக்டர். குமாருக்கும் மூளைக்குக் குறைவில்லை. ஆனாலும் மருத்துவக் கல்லூரி நேர்முகத் தேர்வுக்குப் போய், சீட்டு கிடைத்துவிடாதபடி கவனமாகப் பேசிவிட்டு வருவான். போகாமலே இருந்துவிடலாமே என்று கேட்கிறவர்களுக்கு விவரம் போதாது. தேர்வுக்குப் போய்க்கொண்டிருக்கும் வரைக்கும்தான் அப்பா வீட்டு வாடகை கொடுப்பார்.

வாடகை வீட்டின் இன்னொரு பாதி ஹாரல்டு லீ. கொரியக் குடும்பத்துப் பிள்ளை, முதலீட்டு வங்கியில் அடிமட்ட வேலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சக ஊழியர்கள் தங்கள் வேலையை இவன் தலையில் கட்டிவிட்டு ஜாலியாகக் கிளம்பிப் போகிறார்கள், இவன் தலையாட்டுகிறான். லிஃப்டில் தினமும் பார்க்கும் மரியாவிடம் ஒரு வணக்கம் சொல்லக்கூட வாய் வராது. கையில் கார் சாவி இருக்கிறது, மறுத்துப் பேசத் தெரியாது. பக்கத்து சீட்டுக்காரனுக்கு இதைவிட வேறென்ன தகுதி வேண்டும்?

அன்று ராத்திரி இருவரும் கஞ்சா பிடித்துவிட்டு அகோரப் பசியில் டிவி முன் கிடக்கிறார்கள். வொயிட் காசில் விளம்பரம் வருகிறது. 1921இல் கன்சாஸ் மாநிலத்து விச்சிட்டாவில் தொடங்கிய பழைய கடை அது. உள்ளங்கைக்குள் அடங்கும் சதுர பர்கர். இறைச்சியில் ஐந்து ஓட்டை போட்டு, வெங்காயத்தின் மேல் வைத்து ஆவியில் வேகவைப்பார்கள். குமார் எழுந்துவிட்டான். எழுந்தால் ஹாரல்டு சட்டை மாட்டிக்கொள்ள வேண்டும் என்று அர்த்தம்.

போய்ப் பார்த்தால், நியூ பிரன்ஸ்விக்கில் இருந்த கிளை வேறு கடையாகிவிட்டிருக்கிறது. அடுத்தது செர்ரி ஹில்லில். அவர்கள் குடியிருக்கும் ஹோபோகனிலிருந்து நேராக ஓட்டினால் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் நேராக ஓட்ட விட்டால் அவன் என்ன பக்கத்து சீட்டுக்காரன்? கஞ்சா வாங்க பிரின்ஸ்டனில் ஒரு நிறுத்தம். குமார் ஒன்றுக்குப் போக இறங்கிய நேரத்தில் காருக்குள் ஒரு ரக்கூன் ஏறி ஹாரல்டைக் கடித்துவைக்கிறது. கடி இவனுக்கு, ஒன்றுக்கு அவனுக்கு. வழியில் நிற்கும் நடிகர் நீல் பாட்ரிக் ஹாரிஸை (அவராகவே நடித்திருக்கிறார்) ஏற்றிக்கொள்ள, அவர் காரையே ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார். ஈ காக்கை இல்லாத தெருவில் சிக்னலுக்கு ஏன் நிற்கிறாய் என்று குமார் உசுப்பியதால் ஹாரல்டு சாலையைக் கடக்க, எங்கிருந்தோ ஒரு போலீஸ்காரர் முளைக்கிறார். அவரிடம் குமார் சட்டம் பேசுகிறான். பொறுக்காமல் ஹாரல்டு குமாரைப் பார்த்துக் கையை ஓங்க, குமார் குனிந்துகொள்ள, அறை போலீஸ்காரருக்கு விழுகிறது. லாக்கப் ஹாரல்டுக்கு. அடியை அடுத்தவனுக்குத் திருப்பிவிடுவதுதான் குமார் தேறிய ஒரே வித்தை என்றுகூடச் சொல்லலாம். ஆனால் லாக்கப்பிலிருந்து அவனை மீட்டுக் கொண்டுவருகிறவனும் குமார்தான் என்பதால் முழுசாகத் திட்டவும் முடியவில்லை. அதற்குப் பிறகு ஒரு சிவிங்கிப்புலி மேல் சவாரி போகிறார்கள். நான் விளக்கப் போவதில்லை.

குமாருடைய மூலதனம் வாய். செர்ரி ஹில் கடை கண்ணெதிரே தெரிகிறது. நடுவே ஒரு பள்ளத்தாக்கு. ஹாரல்டு, போதும், வீட்டுக்குப் போகலாம் என்கிறான். அங்கே குமார் ஒரு பிரசங்கம் செய்கிறான் பாருங்கள். நம் பெற்றோர் இந்த நாட்டுக்கு எதற்காக வந்தார்கள்? வறுமையில் வந்தார்கள், பசியோடு வந்தார்கள், தெருவுக்குத் தெரு பர்கர் கடை உள்ள தேசத்தைத் தேடி வந்தார்கள். ஆகவே இந்த பர்கரைத் தின்பது அவர்களுக்கு நாம் செலுத்தும் மரியாதை. வாடகை கொடுக்கும் அப்பாவை ஏமாற்றும் பிள்ளை, அதே அப்பாவின் தியாகத்தை மேற்கோள் காட்டி நண்பனை மலையிலிருந்து கிளைடரில் குதிக்க வைக்கிறான். வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவன்.

குமார் நாற்பது வயதைத் தாண்டினால் எப்படி இருப்பான் என்று அறிய அதே 2004இல் வந்த 'சைட்வேஸ்' பார்க்கலாம். ஜாக், மார்க்கெட் போன நடிகன். சனிக்கிழமை கல்யாணம். அதற்கு முந்தைய வாரம் பள்ளி ஆசிரியரான மைல்ஸின் காரில் கலிபோர்னியாவின் ஒயின் தோட்டங்களைச் சுற்றுகிறான். ஓட்டல் பணிப்பெண் ஒருத்தியின் வீட்டுக்குப் போகிறான்; நேரங்கெட்ட நேரத்தில் புருஷன் வந்துவிட, பிறந்த மேனிக்கு ஓடி வருகிறான், வழியில் நெருப்புக்கோழிப் பண்ணை வேறு. கல்யாண மோதிரங்கள் வைத்த பர்ஸ் அங்கேயே தங்கிவிட்டது. அதை எடுத்து வரப் போகிறவர் மைல்ஸ். உள்ளே அந்தத் தம்பதி இருந்த கோலத்தை இங்கே எழுத முடியாது. நிர்வாணமாகத் துரத்தி வரும் புருஷனுக்குத் தப்பி வாத்தியார் காருக்கு ஓடுகிறார் என்பதோடு விடுகிறேன். இடையில் இன்னொரு பெண் ஹெல்மெட்டால் அடித்து ஜாக்கின் மூக்கை உடைத்திருந்தாள். வருங்கால மனைவியிடம் அதற்கொரு காரணம் சொல்ல வேண்டுமே? மைல்ஸின் காரை ஜாக் வேண்டுமென்றே மரத்தில் மோதுகிறான். இந்த வகையினர் ஸ்டியரிங்கைத் தொடுவது இப்படிப்பட்ட தேவைகளுக்காக மட்டுமே.

தொட்டால் வேறு என்ன ஆகும் என்பதற்கு 1994இன் 'டம்ப் அண்ட் டம்பர்' இருக்கிறது. ஆஸ்பெனுக்குப் போகும் வழியில் நண்பன் ஹாரி தூங்க, லாயிட் ராத்திரி முழுக்க ஓட்டுகிறான், வந்த திசையிலேயே. அந்தப் படத்தில் பேதி மருந்து சாப்பிட்ட ஒருவர் கழிப்பறைக்குப் படும் பாட்டை அப்பா அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தவர்கள், அந்த நிமிடங்களில் சுவரில் என்ன தொங்கியது என்பதை நன்றாகச் சொல்வார்கள்.

இந்தப் படங்களின் ஆபாசத்தைக் கண்டு நான் பெரிதாக அதிர்ச்சியடைவதில்லை. நண்பனிடம் நீ எனக்கு முக்கியம் என்று சொல்லக் கூச்சப்படும் ஆண்கள் கழிப்பறையைப் பற்றிப் பேசுகிறார்கள், அவ்வளவுதான். பெண்கள் பாடுதான் பரிதாபம். மரியா அழகாக லிஃப்டில் நிற்பதைத் தவிரப் பெரிதாக ஒன்றும் செய்யக் காணோம். 'சைட்வேஸ்' கொஞ்சம் பரவாயில்லை. அதில் ஒருத்தியாவது ஹெல்மெட்டைக் கையில் எடுக்கிறாள்.

குமார் வருவதற்கு முன்பு இந்தப் பக்கத்து சீட்டு பெரும்பாலும் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கான ஒதுக்கீடு. ஹாலிவுட்டில் இந்தியன் என்றால் பெட்டிக்கடையில் நிற்பான், டாக்ஸி ஓட்டுவான், மிஞ்சினால் ஸ்டெதஸ்கோப் மாட்டியிருப்பான். உருப்படாமல் போக அவனுக்கு அனுமதியில்லை. அதை நம் சார்பில் வாங்கித் தந்தவன் குமார். எந்தப் பாராட்டு விழாவிலும் இதைச் சொல்ல மாட்டார்கள்.

விடிகிற வேளையில் ஹாரல்டும் குமாரும் வொயிட் காசில் கடைக்குள் நுழைகிறார்கள். ஆளுக்கு முப்பது பர்கர், ஐந்து பொட்டலம் உருளைக்கிழங்கு வறுவல், நான்கு பெரிய கோக். குமார் தன்னுடையதை மட்டும் டயட் கோக்காகக் கேட்கிறான். உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டுமல்லவா. குமாராக நடித்த கால் பென் அப்போது நிஜத்தில் சைவம். அவர் மென்றது காய்கறி பர்கர். கறி பர்கருக்காக ஒரு மாநிலத்தையே குறுக்காகக் கடந்தவன், சேர்ந்த இடத்தில் சைவச் சாப்பாடு.

படத்தில் மருத்துவக் கல்லூரிக்கு டிமிக்கி கொடுத்த இதே பென், 2007 முதல் 'ஹவுஸ்' தொடரில் டாக்டராக நடித்தார். 2009இல் அதையும் விட்டுவிட்டு ஒபாமாவின் வெள்ளை மாளிகையில், மக்கள் தொடர்புப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே குமாராக மூன்றாவது முறை நடிப்பதற்காக அங்கிருந்து கிளம்பி வந்தார். நடித்து முடித்துத் திரும்பவும் போய்ச் சேர்ந்தார். படத்தில் வரும் அப்பா படேலிடம் போய் இதைச் சொன்னால் முழுக்கக் கேட்டுக்கொள்வார். "வெள்ளை மாளிகை சரிப்பா, அந்த மெடிக்கல் சீட்டு என்னாச்சு?" என்பார்.