வானிலைக்காரருக்குப் பாறையில் என்ன வேலை?

1912இல் ஆல்ஃபிரட் வெகெனர், கண்டங்கள் நகர்கின்றன என்றார். ஆப்பிரிக்கக் கரையும் தென் அமெரிக்கக் கரையும் பொருந்துவதைக் காட்டினார். இரு பக்கமும் ஒரே இனப் புதைபடிவங்கள் கிடப்பதையும் காட்டினார். நிலவியல் பெரியவர்கள் பலர் பாறையை விட்டுவிட்டு ஆளைப் பார்த்தார்கள். இவர் வானிலை ஆய்வாளர் ஆயிற்றே! முனைவர் பட்டமோ வானியலில். மேகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாதா?

இதில் உள்ள வசதியைப் பாருங்கள். புதைபடிவத்துக்குப் பதில் சொல்ல அட்லாண்டிக்கைத் தாண்ட வேண்டும். பட்டத்தைப் பழிக்க நாற்காலியை விட்டு எழவே வேண்டாம்.

கண்டத்தைத் தள்ளும் விசை எது என்று கேட்டவர்களும் இருந்தார்கள், மறுப்பதற்கில்லை. உருப்படியான கேள்வி, வெகெனரிடம் சரியான விடை இல்லை. அங்கேயே அவரை மடக்கியிருக்கலாம். ஆனால் 'வெளியாள்' என்று ஏசுவதில் உள்ள ருசி, விசைக் கணக்குப் போடுவதில் ஏது?

1930இல் கிரீன்லாந்துப் பனியில் வெகெனர் இறந்தார். 1960களில் கடலடி ஆய்வுகள் கண்டங்களின் நகர்வை உறுதிசெய்தன. இடைப்பட்ட காலத்தில் அந்த இரு கண்டங்களும், சொன்னவர் எந்தத் துறை என்று விசாரிக்காமலேயே, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் விலகிக்கொண்டிருந்தன.