காட்டுக்குக் காசு, சுல்தானுக்குப் புகை

பீரங்கியில் மருந்தைக் கிட்டித்துவிட்டு, குண்டைப் போடாமல் திரி வையுங்கள். சத்தம் வரும், புகை வரும், காக்கா பறக்கும். எதிரி மட்டும் நின்று வேடிக்கை பார்ப்பான். அதுதான் வெற்று வேட்டு; வாயில் தேய்ந்து 'வெத்துவேட்டு' ஆயிற்று. திருவிழாவுக்கு அது போதும். கெடா சுல்தான் அப்துல்லாவோ அதை நம்பி ஒரு தீவையே கொடுத்தார்.

அவருக்குச் சயாம் என்றால் வயிற்றில் புளி. கப்பல் வியாபாரி பிரான்சிஸ் லைட், கும்பெனிப் படை காவலுக்கு வரும் என்று ஆசை காட்டினார். 1786 ஆகஸ்டில் பினாங்கில் வெள்ளைக்காரன் கொடி ஏறியது. சண்டைக்கு வர கல்கத்தா மேலிடம் தலையாட்டவே இல்லை என்பது மெல்லத்தான் வெளுத்தது.

தீவில் காடு வெட்ட ஆள் மசியவில்லையாம். லைட் பீரங்கியில் வெள்ளிக்காசை அடைத்துக் காட்டுக்குள் சுட்டாராம். காசு பொறுக்கப் போனவர்கள் வெட்டிக்கொண்டே போனார்களாம். பினாங்கில் சொல்லும் கதை இது. காட்டுக்குச் சுட்டதில் காசாவது இருந்தது.

1791இல் பொறுமை இழந்த சுல்தான் எதிர்க்கரைப் பிறையில் ஆள் திரட்டினார். அன்றைக்குப் பார்த்து லைட்டின் பீரங்கியில் நிஜக் குண்டு! தோற்றவருக்கு ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய வெள்ளி என்று எழுதினார்கள். 1800இல் எதிர்க்கரையையும் வளைத்துக்கொண்டு 10,000 ஆக்கினார்கள்.

1821இல் சயாம் வந்தே விட்டது. அப்போதைய சுல்தான் அகமது தாஜுதீன் ஓடிப்போய்த் தஞ்சம் புகுந்த இடம் பினாங்கு. அப்பன் சொத்தில் ஒண்டுக்குடித்தனம். கும்பெனி காவலுக்கு வந்ததா? வந்தது. சுல்தான் கெடாவைத் தாக்காமல் தானே பார்த்துக்கொள்வதாக 1826இல் சயாமுக்கு எழுதிக் கொடுத்தது!

பின்னாளில் சுங்கைப்பட்டாணி, கூலிம் பக்கத்துத் தோட்டங்களுக்கு நம்மாட்களை ஏற்றிவந்த கங்காணி காட்டிய ஆசையும் இதே கடைச் சரக்குதான். மரம் வெட்டு கூலிக்கு நின்ற பிறகுதான் புகை கலையும்.

சுதந்திரம் வந்தும் அந்த 10,000 நகரவில்லை. மலேசிய வெள்ளியாக மத்திய அரசு கெடாவுக்குக் கொடுத்துவந்தது. 2018இல்தான் அதை ஒரு கோடி ஆக்குவதாக அறிவித்தார்கள். ஆகவே பினாங்கு எங்களுடையது என்று கெடா அரசியல்வாதி மேடையில் முழங்கினால் சிரிக்காதீர்கள். வாடகை ஏற 218 வருஷம் காத்திருந்த வீட்டுக்காரருக்குக் கத்தவாவது உரிமை வேண்டாமா?