எச்சிலைக் கேளுங்கள், வாயையும் திறவுங்கள்

*எச்சிலை வைத்தே புற்றுநோயைக் கண்டுபிடிக்கலாமாமே, மெய்தானா மாமா?*
(தோட்டத்து இளைஞர், ஹேவாஹெட்ட)

மெய்தான். வாய்ப்புற்று வந்தவர்களின் உமிழ்நீரில் பாலிஅமைன் போன்ற சில சேர்மங்கள் கூடியிருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் அந்தச் சோதனை ஆய்வுகூடத்தைத் தாண்டி உங்கள் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு வரவில்லை. நோய் அதற்காகக் காத்திருக்காது.

*அப்போ அதுவரைக்கும்?*
(அதே இளைஞர்)

கண்ணாடி ஒன்று, டோர்ச் ஒன்று. கன்னத்தின் உட்பக்கம், நாக்கின் ஓரம், நாக்குக்கு அடி, எல்லாம் பாருங்கள். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, மூன்று வாரமாகியும் ஆறாத புண், இவற்றில் ஒன்று இருந்தாலும் பேராதனை பல் வைத்தியசாலைக்குப் பஸ் ஏறுங்கள். பிறகு மூன்று விரலைச் சேர்த்து நிமிர்த்தி வாய்க்குள் விட்டுப் பாருங்கள். நுழையவில்லையா? வெற்றிலை போடுபவரானால், பாக்கு உங்கள் கன்னத்தை இறுக்கத் தொடங்கியிருக்கலாம். அதற்கும் அதே பஸ்தான்.

*நான் புகையிலை சேர்ப்பதில்லை. வெறும் வெற்றிலை பாக்கும் சுண்ணாம்பும்தான்.*
(கொழுந்து பறிப்பவர், கலஹா)

புகையிலையை விட்டதற்குக் கைகொடுக்கிறேன். பாக்கை விடாததற்குக் கையை இழுத்துக்கொள்கிறேன். பாக்கே புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அப்பீல் கிடையாது.

*சிறுநீரிலும் தெரியுமா?*
(ஆசிரியை, தெல்தோட்டை)

1840களிலேயே தெரிந்தது. லண்டன் டொக்டர் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் ஒரு நோயாளியின் சிறுநீரில் விசித்திரமான புரதம் ஒன்றைக் கண்டார். மெல்லச் சூடாக்கினால் திரண்டது, கொதித்தால் கரைந்தது, ஆறினால் மறுபடி திரண்டது. எலும்பு மச்சைப் புற்றின் அடையாளம் அது. அவர் பெயரிலேயே இன்றும் தேடுகிறார்கள்.

*நாய் மோப்பம் பிடிக்குமாமே! எங்கள் வீட்டு நாயை அனுப்பவா?*
(கடைக்காரர், ஹேவாஹெட்ட)

உங்கள் நாய் கருவாட்டைக் கண்டுபிடிக்கும். இங்கிலாந்தில் பழக்கிய ஆறு நாய்களுக்கு ஏழேழு சிறுநீர் மாதிரிகளை வைத்தார்கள். அதில் ஒன்று மட்டும் சிறுநீர்ப்பைப் புற்றுள்ளவருடையது. குருட்டுவாக்கில் 14 சதவீதம் சரிவரும். நாய்கள் 41 சதவீதம் பிடித்தன. 2004இல் வெளியான ஆய்வு இது. பயிற்சியின்போது, நோயில்லை என்று வைத்த ஒருவரின் மாதிரியை நாய்கள் விடாமல் காட்டின. அவரைச் சோதித்தார்கள். சிறுநீரகத்தில் புற்று!

*அப்படியென்றால் பிள்ளை பிறந்ததுமே எல்லாருக்கும் சோதித்துவிடலாமே?*
(தகப்பன், ரிக்கில்லகஸ்கட)

ஜப்பான் செய்தது. 1985 முதல் நாடு முழுக்க ஆறுமாதக் குழந்தைகளின் சிறுநீரைச் சோதித்து நரம்புக்கட்டிகளைத் தேடியது. நிறையக் கிடைத்தன. பல, தொடாமல் விட்டிருந்தால் தானே கரைந்திருக்கும் கட்டிகள். பச்சைக் குழந்தைகளுக்குக் கத்தியும் மருந்தும்தான் மிச்சம். 2003இல் நிறுத்தச் சொன்னார்கள். கெட்டிக்காரச் சோதனை எதை விடுவது என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

*எங்கள் அம்மாயி வெற்றிலையை விடமாட்டேன் என்கிறார். அவருடைய ஆத்தா 90 வயதுவரை மென்றாராம்.*
(பேத்தி, ஹேவாஹெட்ட)

90ஐத் தொட்டவரைத்தான் ஊர் பேசும். இடையில் போனவர்களை யார் எண்ணினார்கள்? சண்டை வேண்டாம். படுக்கும்போது கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு தூங்குகிறாரா, பாருங்கள். இரவு முழுக்க ஒரே இடத்தில் ஊறுவது மகா கெடுதல். இன்றிரவே துப்பச் சொல்லுங்கள், வாய் கொப்பளிக்கத் தண்ணீரை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.