படகுக் காருக்குக் கரை உண்டா? ஆரணியை முன்வைத்து ஓர் ஒப்பியல் ஆய்வு

படகுக் கார் எனப்படும் 1950களின் அமெரிக்கக் காரையும் ஆரணிப் பட்டுப் புடவையையும் ஒரே தராசில் வைத்து நிறுக்கத் தனித் துறை எதுவும் கிடையாது. ஆட்டோமொபைல் படித்தவர் தறிக்குழியில் கால் வைப்பதில்லை. நெசவு படித்தவர் பானெட்டைத் திறப்பதில்லை. இந்தக் காலி மனையில்தான் இக்கட்டுரை கொட்டகை போடுகிறது. கருதுகோள் இதுதான்: செவர்லேயும் பிளைமவுத்தும் டெட்ராய்ட்டில் பிறந்தாலும், அவை உடுத்தியிருந்தது பட்டுப் புடவையின் இலக்கணத்தை. ஆகவே தமிழ்நாட்டில் அவை மாப்பிள்ளை ஊர்வலத்துக்கான ஜானவாசக் காராக முடிந்தது தற்செயல் அல்ல.

முதலில் அளவு. பட்டுப் புடவை சுமார் 5.5 மீட்டர், ரவிக்கைத் துணியோடு 6.3 மீட்டர் வரை வரும். 1957 செவர்லே பெல் ஏரின் நீளம் 5.08 மீட்டர். பம்பருக்குப் பம்பர் அளந்தாலும் முந்தானையில் கொஞ்சம் மிஞ்சும். 1959 கேடிலாக் 5.7 மீட்டர், அதற்கு ரவிக்கை வெட்டாத புடவையாகப் பார்த்து எடுக்க வேண்டும். அகலத்தில்தான் கருதுகோள் இடறுகிறது. புடவை 1.2 மீட்டர், பெல் ஏர் 1.88 மீட்டர். கதவுகளுக்குக் குளிரும். ஆரணியில் குளிர் பெரிய உபத்திரவம் இல்லை என்பதால் இந்த முரண்பாட்டைத் தள்ளுபடி செய்கிறோம்.

ஆனால் அதே அகலம் நெசவாளர் தெருவில் வேறு சிக்கலைக் கொண்டுவரும். காலை வெயில் ஏறுமுன் தெரு நீளத்துக்குப் பாவு விரித்துக் கட்டியிருப்பார்கள். இழை அறுந்தால் தேடிப் பிடித்து முடிந்தாக வேண்டும். அந்த நேரத்தில் ஒரு பெல் ஏர் வந்து ஹாரன் அடித்தால் ஒதுங்க வேண்டியது பாவு அல்ல. டிரைவர் ஸ்டியரிங் தண்டில் இருக்கும் கியர்க் கம்பியைப் பிடித்து ரிவர்ஸ் போட்டு, இரண்டு வால்துடுப்புகளுக்கும் நடுவே எட்டிப் பார்த்துக்கொண்டே முக்குவரை பின்வாங்க வேண்டியதுதான். போர் விமானத்தைப் பார்த்து வந்த துடுப்புகள் அவை. லாக்ஹீட் பி-38இன் வால் ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி எர்ல் கண்ணில் பட்டு, 1948 கேடிலாக்கில் முளைத்தது. விமானம் ஓட்டியவருக்கும் பாவுக்கு முன்னால் மரியாதை தெரிய வேண்டும்.

இனி ஆய்வின் உயிர்நிலை: நிறம். 1955இல் வந்த பெல் ஏரின் இருவண்ண மாடலில் கூரையும் பின்புறமும் ஒரு நிறம், முன்புறமும் கதவும் வேறு நிறம். சேருமிடத்தில் பளபளக்கும் பட்டை. உடல், கரை, ஜரிகை மூன்றும் வந்துவிட்டன. 1957 மாடலில் வால்துடுப்பின் பக்கத்தில் வரிவரியான அலுமினியத் தகட்டையும் பதித்தார்கள். ஆரணிக் கண்ணுக்கு அது முந்தானை. இருக்க வேண்டிய கடைசியில் சரியாக இருக்கிறது.

ஒரே தகட்டில் இரண்டு நிறம் அடிப்பது லேசான வேலை அல்ல. 1920களின் அமெரிக்கப் பட்டறைகளில், மறைப்புக்கு ஒட்டிய காகிதத்தை உரித்தால் புதுப் பெயின்ட்டும் கூடவே உரிந்து வந்தது. 3எம் கம்பெனியின் ரிச்சர்ட் ட்ரூ 1925இல் மாஸ்கிங் டேப்பைக் கண்டுபிடித்ததே இந்தத் தலைவலிக்குத்தான். அதற்குப் பிறகும் கோடு பிசிறினால் மேலே ஒரு பட்டையை வைத்து அமுக்கிவிடலாம். தறியில் அந்தச் சலுகை ஏது? கோர்வைப் புடவையில் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் இரண்டு நாடா. ஒவ்வொரு ஓட்டத்திலும் கரை ஊடையும் உடல் ஊடையும் ஒன்றையொன்று கோத்துப் பிடிக்க வேண்டும். அதற்கென்றே பக்கத்தில் இன்னொரு ஆள் உட்காருவார். முந்தானைக்கு நிறம் மாறும்போது பிட்னி போட வேண்டும். பழைய பாவின் இழையோடு புது இழையை ஒவ்வொன்றாகச் சேர்க்கும் வேலை அது. தொழில்நுட்பத்துக்கான மதிப்பெண் ஆரணிக்கே போகிறது. டெட்ராய்ட் மறுகூட்டலுக்கு விண்ணப்பிக்கலாம்.

ஜரிகையில் பொருத்தம் பத்தும் கூடிவருகிறது. அசல் ஜரிகைக்குள் பட்டு நூல், அதைச் சுற்றி வெள்ளிக் கம்பி, மேலே தங்க முலாம். பம்பருக்குள் இரும்பு, மேலே செம்பு, பிறகு நிக்கல், கடைசியாகக் குரோமியம். இரண்டிலும் ஆகக் கடைசியாக ஏறும் மெல்லிய பூச்சுக்குத்தான் பேர். கொரியப் போர்க் காலத்தில் நிக்கல் ராணுவத்துக்கு ஒதுக்கப்பட்டதால், 1952 வாக்கில் வந்த கார்களின் குரோம் சீக்கிரமே துருவேறியது. நம் ஊர்க் கல்யாண ஜவுளிக்கு வரும் அத்தைகளில் ஒருவரை அன்று ஷோரூம் வாசலில் நிறுத்தியிருந்தால், பம்பரை நகத்தால் சுரண்டிப் பார்த்து, “இது அசல் இல்லை, ஹாஃப் ஃபைன்” என்று அங்கேயே சொல்லியிருப்பார்.

இந்தக் கார்கள் இந்தியாவுக்கு வந்த கதை சுருக்கமானது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928இலிருந்து பம்பாய் சிவ்ரியில் பாகங்களை இணைத்து வண்டிகளைப் பூட்டியது. வால்சந்த் ஹீராசந்தின் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் 1947இல் குர்லாவில் கிறைஸ்லர் குடும்பத்து வண்டிகளைப் பூட்ட ஆரம்பித்தது. அடிப்படையில் ஒரே பிளைமவுத்துதான், கிரில்லும் பெயர்த்தகடும் மாறி டாட்ஜ் கிங்ஸ்வே என்றும் டிசோட்டோ டிப்ளமட் என்றும் விற்பனைக்கு வந்தது. ஆரணிக்காரர் இதைக் கேட்டு வியக்க மாட்டார். தறியைவிட்டு இறங்கிய புடவை எந்த ஊர்ப் பெயர் போட்ட அட்டைப்பெட்டியில் முகூர்த்தத்துக்குப் போகிறது என்பது அவருக்கும் பழைய வழக்கு. வெறுமனே பூட்டி விற்பது போதாது, இங்கேயே தயாரிக்க வேண்டும் என்று 1953இல் அரசு கறார் காட்டியதும் ஜெனரல் மோட்டார்ஸ் கடையைக் கட்டியது. வந்த வண்டிகள் இங்கேயே தங்கி, டாக்சியாகவும் மிராசுதார் வீட்டு பிளஷராகவும் தேய்ந்தன.

1973 எண்ணெய் நெருக்கடியில் பெட்ரோல் விலை எகிறியதும் அடுத்த கட்டம் தொடங்கியது. 3.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு பெர்கின்ஸ் போன்ற டீசல் எஞ்சினை ஏற்றினார்கள். அமெரிக்க இறக்குமதி நின்றுபோன ஹவானாவிலும் இதே வைத்தியம். அங்கே சோவியத் எஞ்சின். வெளியே பட்டு, உள்ளே பாவாடை எதுவானால் என்ன என்ற தெளிவு இரண்டு ஊர்களிலும் இருந்தது.

அழகுக்காகக் காரை மாற்றியமைப்பதில் உலகில் இரண்டு மரபுகள் உண்டு என்பது இவ்வாய்வின் முடிபு. கலிபோர்னியாவில் ஜார்ஜ் பாரிஸ், சாம் பாரிஸ் சகோதரர்கள் நடத்தியது கழித்தல் மரபு. 1951 மெர்குரி ஒன்றின் கூரையைச் சில அங்குலம் வெட்டித் தாழ்த்தினார்கள், கைப்பிடியை எடுத்தார்கள், பெயர்த்தகட்டை எடுத்த துளையையும் அடைத்தார்கள். ஹிரோஹாட்டா மெர்க் என்று புகழ்பெற்ற அந்தக் காருக்கும், இரண்டு பச்சை நிறங்களைப் பிரிக்க பியூக் காரின் பக்கப்பட்டையை வாங்கி ஒட்ட வேண்டியிருந்தது. துறவியானாலும் கரை வேண்டும்!

நம்முடையது கூட்டல் மரபு. கூரையை மட்டும் கழிப்போம், அதுவும் முழுசாக. டிங்கரிங் பட்டறையில் செடானின் தலையை அறுத்து ‘ஓப்பன் கார்’ ஆக்கிவிடுவார்கள். இந்தக் கார்களுக்குத் தனிச் சேஸிஸ் இருப்பதால் வண்டி நடுவில் தொய்யாமல் தாங்குகிறது. மடக்குக் கூரை கிடையாது, மழைக்குக் குடைதான். பிறகு கூட்டல் ஆரம்பம்: பானெட்டில் சம்பங்கிச் சரம், பின்னால் சீரியல் பல்பு, சீட்டின் முதுகில் கோட்டு சூட்டுடன் மாப்பிள்ளை, அவரைச் சுற்றி எண்ணி மாளாத குழந்தைகள். பெல் ஏரின் உச்ச ரக எஞ்சின் 283 குதிரைத்திறன் கொண்டது. நாகஸ்வரக்காரர் நின்றால் அத்தனை குதிரைகளும் நிற்க வேண்டும். போட்டிக்கு வரும் சாரட்டில் இரண்டே குதிரை, ஆனால் அவை கொதிப்பதில்லை. ஊர்கிற வேகத்தில் காற்று போதாமல் இங்கே ரேடியேட்டர் பொங்கும். டிரைவர் ஈரத்துணியை மூடிமேல் போட்டு, முதல் திருகில் நிறுத்தி, புஸ்ஸென்று ஆவி அடங்கியபின் இரண்டாவது திருகு திருகுவார். அதற்குள் தவில்காரர் ஒரு தனி ஆவர்த்தனத்தையே முடித்துவிடலாம்.

சட்டச் சிக்கல் ஒன்று மீதமிருக்கிறது. பட்டுப் புடவையை விசைத்தறிக்கு விடாமல் காக்க 1985இலேயே கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் வந்துவிட்டது. காரின் முறை 2021இல் வந்தது. 50 வயது தாண்டிய வண்டி, சேஸிஸும் பாடியும் எஞ்சினும் மாறாமல் இருந்தால், 20,000 ரூபாய் கட்டி ‘வி.ஏ.’ வரிசையில் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்துகொள்ளலாம். தலையறுத்து டீசல் ஏற்றிய பிளைமவுத்துக்கு அந்தப் பெருமை இல்லை. பெருமை பெற்ற வண்டியோ வாடகைக்குப் போகக் கூடாது. கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, பராமரிப்பு, எரிபொருள் போடுதல் போன்ற காரியங்களுக்கு மட்டுமே சாலையில் இறங்கலாம். ஜானவாசத்தைத் தொழில்நுட்ப ஆய்வு என்று எழுதிக்கொடுக்க இக்கட்டுரை தயார். கண்காட்சி என்று விண்ணப்பித்தால், காட்சிப்பொருள் காரா மாப்பிள்ளையா என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்கக்கூடும், பெண் வீட்டார் பதிலை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது.