துண்டியல்: தஞ்சை மாட்டுத்தரகின் மறைகுறி பற்றிய ஆய்வுக்கு ஒரு முன்னுரையின் முன்னுரை

மறைகுறிகள் நான்கு வகைப்படும். முதல் வகை குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதாக நன்னூல் உரைகாரர்கள் உதாரணம் காட்டினார்கள். பள்ளிப் பாடத்தில் ஏறியதும் அந்த ரகசியம் செத்தது. இரண்டாவது, எழுத்தால் எண்ணைக் குறிக்கும் கடபயாதி. வேங்கடமகி தஞ்சை நாயக்கர் அவையில் வகுத்த 72 மேளங்களுக்குப் பெயர் பொருத்தியபோது, சங்கராபரணத்தின் தலையில் ‘தீர’ என்று இரண்டெழுத்தை ஏற்றினார்கள். தீ ஒன்பது, ர இரண்டு, திருப்பினால் 29, அதுவே அதன் மேள எண். மறைக்க வந்ததல்ல, நினைவில் வைக்க வந்தது, ஆகவே தள்ளுபடி. மூன்றாவது தந்தி, 2013 ஜூலையில் காலமானது. நான்காவதுதான் நம் பொருள்: மாட்டுத்தரகர் தோளில் கிடக்கும் துண்டு.

உம்பளச்சேரி மாட்டுக்கு விலை பேசும்போது துண்டுக்கடியில் இரு கைகள் சேரும். எத்தனை விரலைப் பிடிக்கிறாரோ அத்தனை. நூறா ஆயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே விளங்கும். இந்த முறை சந்தைக்கு வந்த சிறுவனுக்கும் தெரியும். இன்றைய விலை மட்டும் தெரியாது. முறை எதிரிக்குத் தெரிந்தாலும் சாவி தெரியாதவரை ரகசியம் காக்கப்பட வேண்டும் என்று 1883-இல் மறைகுறியியலார் கெர்க்காஃப்ஸ் எழுதியதும் இதையேதான். அவர் கையில் பேனா இருந்தது, துண்டு இல்லை (பார்க்க: இவ்வாய்வாளர் எழுதவிருக்கும் ‘துண்டியல்’, பாகம் 1).

முகம் காட்டிக்கொடுக்காதா என்பர் மறுப்பாளர். வெற்றிலை எதற்கு இருக்கிறது? வாய் நிறையக் குதப்புகிறவர் முகத்தில் மகிழ்ச்சியும் அதிர்ச்சியும் ஒன்றுபோலவே தெரியும் (மேலது, பாகம் 3, ஓரத்தில் பென்சிலால் எழுதப்படவுள்ள குறிப்பு). சும்மா காதில் சொன்னால் ஆகாதா என்பர் வேறு சிலர். சந்தை இரைச்சலில் காதில் சொல்வதென்றால் கத்த வேண்டும், கத்தினால் பக்கத்து மாட்டுக்காரர் தன் விலையை ஏற்றுவார் (மேலது, பாகம் 7, பின்னிணைப்பின் பிழைதிருத்தத்துக்கு வரவிருக்கும் மறுப்பு, அம்மறுப்புக்கு இவ்வாய்வாளரே வேறு பெயரில் எழுதும் பாராட்டுரை).

கனமான மறுப்பு ஒன்று உண்டு. விற்பவர் கையைத் தனியாகவும் வாங்குபவர் கையைத் தனியாகவும் தரகர் பிடிக்கிறார். இரண்டு விலைக்கும் நடுவே உள்ளது எங்கே போகிறது? இதை ஒப்புக்கொள்கிறோம். துண்டு ஊரிடமிருந்து விலையை மறைக்கிறது. சில சமயம் மாட்டுக்காரரிடமிருந்தும் மறைக்கிறது. செய்தியைச் சுமப்பவனே அதை மாற்றிச் சொல்லும் ஆபத்தோடு கணினிக்காரர்கள் இன்றும் மல்லுக்கட்டுகிறார்கள். சந்தையில் அதற்குத் தரகு என்று பெயர் வைத்து ஏற்றுக்கொண்டார்கள். இதற்காகத் துண்டைக் குறைசொல்லும் பேராசிரியர்களுக்கு ஒன்று: அவர்கள் கட்டுரைகளிலும் துண்டு உண்டு. விலக்கிப் பார்த்தால் கைதான் இருக்காது.

சேற்று உழவை டிராக்டர் எடுத்துக்கொண்டபின் மாடும் குறைந்தது, துண்டுக்கு வேலையும் குறைந்தது. எனவே பல்கலைக்கழகங்கள் துண்டியலுக்கு உடனே ஒரு துறை திறக்க வேண்டும். தலைவராக ஓய்வுபெற்ற தரகர் ஒருவரைப் போடுங்கள். வாய்மொழித் தேர்வைத் துண்டுக்கடியிலேயே நடத்திவிடலாம். ஆய்வேடு எத்தனை பெறும் என்பதை விரலில் சொன்னால் போதும்.